கடைசி பெஞ்சுத் தூக்கம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். நடுவில் ஒரு பீரோவை நிறுத்தி, இதுதான் சுவர் என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமையாசிரியர். போனவர் போனவர்தான். பீரோவுக்கு இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் கட்டுரை என்று டீச்சர் நாள் முழுக்கப் பம்பரமாகச் சுற்றுவார். சாயங்காலம் வீட்டில் புருஷன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லத் தொண்டை இருக்காது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. தூங்குகிற பிள்ளையை யாரும் எழுப்பக் கூடாது.

"இது பள்ளிக்கூடமா, லாட்ஜா?" என்று தலைமையாசிரியர் ஒருமுறை குத்தலாகக் கேட்டார். கேட்க அவருக்கு என்ன? பிள்ளைகளின் வீடுகளைப் போய்ப் பார்த்தவர் டீச்சர்தான். கடைசி பெஞ்சில் ஒருத்தி, எல்லோருக்கும் அவள் 'தூங்குமூஞ்சி'. அம்மா ராத்திரியில் ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்துவிட்டு விடிந்த பிறகுதான் வருவாள். அதுவரை கைக்குழந்தைத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது இவள் வேலை. அந்தப் பிள்ளையை அதட்டி எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் மண்டையில் என்ன ஏறும்? முதல் இரண்டு பீரியட் தூங்க விட்டால் போதும், மூன்றாவதில் படு சுட்டி. டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்றைக்கு மூன்றாவது பீரியடிலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இவ முனகுறா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஏதாச்சும் கனவா இருக்கும். விடுடி, பாவம்."

அதற்குள் பீரோவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கட்டிப் புரள, டீச்சர் அங்கே ஓடினார். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வந்து தோளைத் தொட்டார். உடம்பு கொதித்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை.

அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். "காலையிலயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். மறுநாள் பிள்ளை போய்விட்டது.

டீச்சருக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. "நீயா போய் வாயைக் குடுத்து மாட்டிக்காதே" என்று புருஷன் தடுத்துப் பார்த்தார். பெற்றவளிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. போனார்.

"அன்னிக்கு அவ தூங்கலம்மா. காய்ச்சல்ல கெடந்திருக்கா. நான்தான் யாரையும் எழுப்ப விடல. என்னைத் திட்டுங்க, அடிங்க, என்ன வேணா செய்யுங்க."

தாய்க்காரி திட்டவில்லை. சிணுங்கிய சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"காலையிலயே சுட்டுச்சு டீச்சர். தலை வலிக்குது, போகலைன்னு அழுதா. வீட்டுல இருந்தா இந்தச் சின்னவன் அவளைப் படுக்கவே விடமாட்டான். 'டீச்சர் தூங்க விடுவாங்க, அங்க போய்ப் படுத்துக்கோ'ன்னு நான்தான் அனுப்பி வச்சேன்."