ஆத்தா என் தொண்டையை அடைக்கவில்லை

கங்கையம்மாவை நம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, போன ஆடியில் எனக்கு நடந்ததை உங்கள் முன்னால் சொல்வதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மகேஸ்வரி. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில்தான் வீடு. நான் வாசலில் பேசினால் தெருமுனையில் கேட்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், அதுதான் விஷயமே.

என் வீட்டுக்காரர் தேசப்பன் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுக்கும்போது கயிறு அறுந்து அடித்ததில் முதுகு போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. பி.காம். முடித்தவள் இறால் உரிக்கலாமா என்பீர்கள். வேறு எது கிடைத்தது? ஐஸ் உருகக் கூடாதென்று கதவைச் சாத்திவிடுவார்கள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரல் நுனியில் தோல் உரிந்து உரிந்து, மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டக்கூட முடியாது. உப்பு பட்டால் உயிர் போய்விடும். அந்த ஷெட்டைவிட்டு எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வேலைக்கு எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள், அதில் ஒன்றும் குறையில்லை. உள்ளே போய் வாயைத் திறந்ததும்தான் எல்லாம் கெட்டுப்போகும். முதல் ஆபீசில் நான் என்னைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், வெளியே இருந்த பெண் ஏதோ சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா கத்துறீங்க?" என்றார் ஒருவர். நான் எங்கே கத்தினேன்? அலைச் சத்தத்தோடும் இன்ஜின் சத்தத்தோடும் போட்டி போட்டுப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். அடுத்த ஆபீசிலும் அதே கதை. கண்ணாடி ரூம், ஏசி, மூன்று பேர், நடுவில் நான்.

என் ஓரகத்தி கவிதா புரசைவாக்கத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எனக்கு வாத்தியார். "அக்கா, அங்கல்லாம் மெதுவாத்தான் பேசணும். இன்னா ஏதுன்னு நம்ம வூட்ல பேசுற மாதிரி பேசுனா வெளிய போன்னுருவாங்க" என்றாள். பயோடேட்டாவை அவளே திருத்தி எழுதினாள். என் நல்ல குணங்கள் என்ற இடத்தில் "மென்மையாகப் பேசுவேன்" என்று போட்டாள். நான் வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். "எல்லாரும் இப்டித்தான் போடுவாங்க, சும்மா இரு" என்றாள்.

சரி என்று அடுத்த இடத்தில் அடக்கிப் பேசினேன். இவ்வளவு அடக்கினால் எனக்கு வார்த்தையே வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "கேக்கல, கேக்கல" என்றார்கள். அப்புறம் தன்னம்பிக்கை போதாது என்று அனுப்பிவிட்டார்கள். சத்தமாகப் பேசினாலும் குற்றம், மெதுவாகப் பேசினாலும் குற்றம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். முன்னாலும் பின்னாலும் ட்ரெய்லர் லாரிகள் நின்றன, பேருந்து நகரவே இல்லை.

இதற்குள் ஷெட் மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "படிச்ச திமிரு. இன்னொரு லீவு போட்டின்னா அப்டியே போய்க்கினே இரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். இருந்தால் இந்த ஐஸ், போனால் பட்டினி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஆடி பிறந்தது. ஆத்தா முன்னால் நின்று, "எனக்கு இந்தக் குரல் வேணாம்மா, எடுத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டேன். ஆடி வெள்ளிக்கிழமைகளில் விளக்கு ஏற்றும்வரை வாய் திறப்பதில்லை என்று மௌன விரதம் எடுத்தேன். முதல் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர், "இன்னாமே, பக்கத்து வூட்டு டிவி கேக்குது, இன்னிக்குத்தான் கேக்குது" என்று கிண்டல் பண்ணினார். இரண்டாம் வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுகொண்டு, "எம்மா, திட்டும்மா" என்று அழுதாள். நான் கையால் சைகை காட்டி அனுப்பினேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றும் நாள். நீங்களும் இருந்தீர்கள். அப்படி ஒரு கூட்டத்தை நம் கோயிலில் நான் பார்த்ததில்லை. கூழ் தீர்ந்துபோச்சு என்று யாரோ ஒரு வாய்க்கொழுப்பு கிளப்பிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். முன்னால் சவுக்குக் கழித் தடுப்பு. அதற்கும் கூட்டத்துக்கும் நடுவில் பாத்திரத்தோடு பிள்ளைகள். அதில் என் மகளும் நின்றாள். அவள் முகம் கழியில் அழுந்தியிருந்தது. வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை.

நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பிறகு எதையும் யோசிக்கவில்லை. "ஏய்! பின்னால கீறவங்கோ நில்லுங்கோ! கொயந்தைங்கோ நசுங்குது! பின்னால போ!" என்று கத்தினேன். மேளம் நின்றது. கூட்டம் நின்றது. தடுப்பைத் தூக்கிப் பிள்ளைகளை உள்ளே இழுத்தோம். அண்டாவை எட்டிப் பார்த்தேன். கூழ் நிறைய இருந்தது. அதைப் போய் வரிசை வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு முதலில், வயசானவர்களுக்கு அடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போகப் பாத்திரம் கொண்டுவந்த பெரியவர்கள் கடைசியில் என்று நிறுத்தினேன். எல்லாருக்கும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். விரதம் முறிந்தது, அதுவும் அவள் வாசலிலேயே. "ஆத்தா வூட்டு வாசல்ல கொயந்த நசுங்குறதுக்கா நீ விரதம் இருந்தே? போமே" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஆறவில்லை. இனி அவள் என் பக்கம் திரும்ப மாட்டாள் என்றே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நேர்காணல். கேட் ஆபீஸ் உதவியாளர் வேலை. மேஸ்திரி சொன்ன அந்த இன்னொரு லீவை அன்றைக்குப் போட்டேன். இது போனால் ஷெட்டும் இல்லை.

உள்ளே மேனேஜரும் கண்ணாடி போட்ட ஒரு மேடமும் இருந்தார்கள். மேனேஜர், "காலையில ட்ரெய்லர் எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும். டிரைவருங்க சத்தம் போடுவாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கவிதா சொல்லிக்கொடுத்தபடி, "பொறுமையாகவும் பணிவாகவும் எடுத்துச் சொல்வேன்" என்று முனகினேன். மேடம், "கேக்கலம்மா. அதோட இது எல்லாரும் சொல்றதுதான். நீங்க நிஜமா செஞ்ச ஒண்ணச் சொல்லுங்க" என்றார்.

கதவு பின்னால் இருக்கிறது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கையைக் கூப்பக்கூட முடியாது, மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனசுக்குள், "ஆத்தா, விரதத்தை முறிச்சது தப்புதான். என்னை இங்க வெச்சுக் கைவிட்றாத" என்றேன். உடனே அவள் வாசலில் நின்ற அந்தக் கூட்டம் கண் முன்னால் வந்து நின்றது.

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கதையை மெதுவாகச் சொல்ல முடியுமா? "ஏய், நில்லுங்கோ!" என்ற இடம் வந்ததும் அப்படியே கத்திவிட்டேன். வெளியே இருந்த செக்யூரிட்டி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு தபா தான் மேடம் கத்துனேன். அப்புறம் கூழ் கீதான்னு பார்த்தேன். கீதுன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் சொன்னேன். நமக்குக் கெடைக்காதோன்னு பயத்துலதான் தள்றாங்கோ. கெடைக்கும்னு தெரிஞ்சா நிப்பாங்கோ."

மேனேஜர் என் பயோடேட்டாவைத் திருப்பிப் பார்த்தார். "இதுல மென்மையாகப் பேசுவேன்னு போட்டிருக்கே?"

"அது என் ஓரகத்தி எழுதுனது சார்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி உள்ளே விடவில்லை. அக்கா, அதற்குப் பின் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? போன் அடித்தால் பதறும், அடிக்காவிட்டாலும் பதறும். ஒரு நாள் உச்சி வெயிலில், கோயிலில் யாருமில்லாத நேரம் பார்த்துப் போய், "இன்னா ஆத்தா, கல்லாட்டம் நிக்கிறியே! உன் வாசல்லதான கத்துனேன்! உன் கொயந்தைக்காகத்தான கத்துனேன்! இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று என் முழுக் குரலில் கேட்டுவிட்டேன். அதற்கு முன் அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பதற்குள் போன் வந்தது. அந்த மேடம்தான். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். "வர்றேன் மேடம்!" என்றேன். தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. என் மகள் தாவி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அந்த கேட்டில்தான் இருக்கிறேன். புழுதி, ஹாரன், டிரைவர்களோடு தினம் ஒரு பேஜாரு. வீட்டுக்காரருக்கு இன்னும் முதுகு வலி போகவில்லை, அதையும் ஆத்தாளிடம்தான் விட்டிருக்கிறேன். ஆனால் விரல் ஆறிவிட்டது. மகளுக்கு என் கையாலேயே பிசைந்து ஊட்டுகிறேன்.

நான் கேட்டதை அவள் கொடுக்கவில்லை, அக்கா. குரலை எடுத்துக்கொள் என்றேன், அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் என் பிள்ளை இன்று இல்லை, இந்த வேலையும் இல்லை. உங்களில் யாராவது வேலைக்கு அலைந்து, நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றால், இந்த வாசலுக்கு வாருங்கள். அவளிடம் பயந்து பயந்து கேட்காதீர்கள். சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள். பெத்தவளிடம் சண்டை போடாமல் வேறு யாரிடம் போடப்போகிறோம்?