பூசை அறையில் இறங்கிய கங்கை

மழையாய்ப் பொழிகின்றவனும் அவனே. அம்மழை தலையில் விழாதபடி கூரையாய்க் கவிகின்றவனும் அவனே. நனைப்பதும் காப்பதும் அவனுடைய இரு கைகள் என்றறிந்து, அக்கைகளுக்கு என் கைகளைக் கூப்பி இதனைத் தொடங்குகிறேன். இன்று கார்த்திகைச் சோமவாரம். விடியலில் நீராடி, திருநீறு அணிந்து, பதிகம் ஓதி முடித்தபின் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல நாளில் எழுதுவதால் எல்லாரையும் நல்லவிதமாகவே எழுதுவேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

புணேயில் பாணேர்ப் பகுதியில் உள்ள ஓர் அடுக்ககத்தின் கடைசி மாடியில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். வீடு மகன் வாங்கியது. விற்றவர், வானத்துக்கு மிக அருகில் உள்ள வீடு என்று சொல்லி விற்றார். அவர் சொன்னது முழு உண்மை என்பது முதல் மழைக்காலத்திலேயே விளங்கிவிட்டது. மகன் வேலை நிமித்தம் கடல் கடந்து போய்விட்டான். வானத்தோடு வழக்காடும் பொறுப்பு எங்களுடையதாயிற்று.

சென்ற ஆனி மாதம் பூசை அறையின் கூரையில் ஒரு மூலை கறுத்தது. பிறகு வியர்த்தது. பிறகு சொட்டியது. எங்கள் சொசைட்டியின், அதாவது குடியிருப்போர் சங்கத்தின், சேர்மனிடம் முறையாகச் சொன்னேன். அவர் இவ்வூர்க்காரர், பெரிய நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருப்பவர். எதனையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வது அவருடைய தகுதிக்குக் குறைவு. ஆகவே நண்பர் ஒருவரின் ட்ரோனை வரவழைத்து மொட்டைமாடிக்கு மேலே பறக்கவிட்டார். அது எங்கள் கட்டடத்தை மும்முறை வலம்வந்தது. ஆலயத்தைக் கூட அவ்வளவு சிரத்தையாக யாரும் சுற்றி நான் பார்த்ததில்லை. பின்னர் வந்த அறிக்கையில் அழகிய படங்கள் இருந்தன. மொட்டைமாடி மரகதம் போல் பச்சையாகக் காட்சியளித்தது. கூரை ஆரோக்கியமாக இருப்பதாக முடிவுரை எழுதியிருந்தது.

பச்சைக்குக் காரணம் உண்டு. முந்தைய கோடையில் சேர்மன் எங்கள் தலைக்கு நேர்மேலே பிளாஸ்டிக் புல் விரித்து, விளக்குகள் கட்டி, நாலு கால் இரும்பு ஊஞ்சல் ஒன்றை நிறுத்தி, அதற்கு ஆங்கிலத்தில் நாகரிகமான ஒரு பெயரும் சூட்டியிருந்தார். மாலைதோறும் அதில் அமர்ந்து அவர் ஆடுவது வழக்கம். வானத்திலிருந்து பார்த்த ட்ரோனுக்குப் புல் தெரிந்தது. புல்லுக்குக் கீழே தளம் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

ஆடி பிறந்தது. சொட்டு தன் இடத்தை மாற்றிக்கொண்டது. மூலையில் விழுந்துகொண்டிருந்த நீர் கூரையின் அடிப்பகுதியில் வழிந்து வழிந்து வந்து, எங்கள் பூசையில் இருக்கும் சிறிய லிங்கத் திருமேனியின் உச்சிக்கு நேராகத் துளிர்த்து விழத் தொடங்கியது. நான் கவலைப்பட்டேன். அன்று சேதத்தைப் பார்க்க வந்த சொசைட்டி செக்ரெட்டரியோ மெய்சிலிர்த்து நின்றுவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர், நல்ல பிள்ளை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்.

“ஏனுங்க ஐயா, இதைப் போயி லீக்குன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு ஒப்பலீங்க” என்றார்.

லீக்குதான் தம்பி என்றேன். அதற்குள் படம் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

நமக்கு ஆடி நடக்கும்போது இங்குள்ளவர்களுக்கு ஸ்ராவண மாதம் தொடங்கிவிடும். ஸ்ராவணத்துத் திங்கட்கிழமைகளில் சிவ வழிபாடு செய்யாத மராத்தி வீடு அரிது. அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை; வில்வமும் பாலும் கொண்டு தலைவணங்கி வந்தவர்களைக் கண்டு நெகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டு வாசலில் கழற்றிவிடப்பட்ட செருப்புகளுள் சேர்மனின் செருப்பும் கிடந்தது. கூரை ஒழுகுகிறது என்று சொன்னபோது மாடியேறி வர நேரமில்லாதவர், கங்கை இறங்கியிருக்கிறாள் என்றதும் வெறுங்காலோடு வந்திருந்தார். இங்கே வயதில் மூத்த ஆண்களைக் ‘காகா’ என்றும் பெண்களைக் ‘காகி’ என்றும் அழைப்பது மரியாதை. அவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, காகா, நீங்கள் பாக்கியசாலி, இதை நிறுத்தச் சொல்லி இனி ஒருபோதும் கேட்காதீர்கள் என்று இந்தியில் தழுதழுத்தார். கமிட்டி செலவு செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதி ஒரு மனிதரை இவ்வளவு பக்தராக்கும் என்று நான் எந்தச் சாத்திரத்திலும் படித்ததில்லை.

இருந்தாலும் இதையெல்லாம் சிரித்துக் கடந்திருப்பேன். அதே வாரம் வியாழக்கிழமை காலையில் என் மனைவி திருமேனிக்கு எதிரே தன் மணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து எழுந்து போனாள். அவள் எழுந்த இடத்தில் கூரைப் பூச்சு, தேங்காய் அளவு, விழுந்து சிதறியது. பூவெல்லாம் சுண்ணாம்பாயிற்று.

நான் அன்று பதிகம் ஓதவில்லை. ஓத முடியவில்லை. சாமியைக் கூடத்துக்கு எடுத்து வைத்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் திருநெல்வேலிக்காரி, யோசிக்கவே இல்லை.

“ஒரு சேர்மனுக்காக எங்க சாமி எடம் மாறணுமாக்கும்? அவரு இருக்குத எடத்துலதான் நானும் இருப்பேன். விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழட்டும்.”

மறுநாளும் அதே மணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கூரையையும் அவள் தலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவனைத் தவிர வேறெதையும் நினையாமல் உட்கார வேண்டிய இடத்தில் சிமெண்டைத் தவிர வேறு நினைவே எனக்கு இல்லாமற் போயிற்று.

சேர்மனிடம் மறுபடி போனேன். புல்லை விலக்கித் தளத்தைத் தகுந்த பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும், என் மனைவியின் உயிர் தப்பியது தற்செயல் என்றேன். அவர் ஊஞ்சலில் அமர்ந்தபடியே கேட்டார். காகி எழுந்து போன பிறகுதானே விழுந்தது, அதுவும் அவன் அருளல்லவா என்று திருப்பிக் கேட்டார். அருளுக்கு இப்படி ஓர் உரையை நான் எந்த மடத்திலும் கேட்டதில்லை. விஞ்ஞானம் படித்தவரிடம் பொறியாளரை வேண்டி நானும், பதிகம் படித்தவனிடம் அற்புதத்தை நம்பச் சொல்லி அவரும் வாதிட்டுக்கொண்டிருந்தோம். கேட்பவர் யாராவது இருந்திருந்தால் எங்கள் இருவருடைய ஆடைகளையும் மாற்றிப் போட்டிருப்பார்.

அடுத்த திங்கட்கிழமைக்கு இன்னும் பெருங்கூட்டம் வரப்போவதாகச் செக்ரெட்டரி சொன்னார். அந்தக் கூரைக்குக் கீழே இன்னும் பல தலைகள். அன்றிரவு முழுவதும் அதையே எண்ணியதில் வழியொன்று தோன்றியது. சான்றோர் என்னை மன்னிக்கட்டும். நான் பொய் சொல்லவில்லை. உண்மையை, அவர்கள் கேட்க விரும்பிய மொழியில் சொன்னேன்.

திங்கட்கிழமை கூடம் நிறைந்திருந்தபோது, செக்ரெட்டரியை இந்தியில் சொல்லச் சொல்லி, நான் தமிழில் பேசினேன். கீழே இறங்கிய கங்கையைக் கும்பிடுகிறோம். அவள் பிறந்த இடத்தைக் கும்பிட வேண்டாமா? இங்கே கங்கை இருக்கிறதென்றால் மேலே கங்கோத்ரி இருந்தாக வேண்டும். பிறப்பிடம் எங்கே என்று அறியாமல் அதன்மேல் காலில் செருப்போடு நடந்துகொண்டிருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். புல்லை இன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு மூதாட்டி மராத்தியில் சொன்னது எனக்கே புரிந்தது. எல்லாரும் சேர்மனைப் பார்த்தார்கள். அவர் கைகூப்பிய நிலையிலேயே தலையசைத்தார். தனக்கு வேறு வழியை அவரே விட்டுவைக்கவில்லை.

இவ்வாறாக, என் மனைவியின் தலைக்காக நான் மன்றாடிக் கிடைக்காத கூரைச் சோதனை, தீர்த்த யாத்திரையாக மறுநாளே கிடைத்தது.

பொறியாளர் ஓர் அம்மையார். காசார்வாடிப் பக்கத்துத் தொழிற்கூடக் கூரைகளையெல்லாம் சோதிப்பவர் என்று செக்ரெட்டரி விசாரித்து அழைத்து வந்திருந்தார். வந்தவருக்கு மாடியில் தேங்காயும் ஊதுவத்தியுமாக ஒரு கூட்டம் காத்திருந்தது வியப்பாக இருந்திருக்கும்; காட்டிக்கொள்ளவில்லை. ஈரம் காட்டும் கருவியைத் தளமெங்கும் வைத்துப் பார்த்தார். புல்லைச் சுருட்டியதும் கீழே தளம் கறுப்பாய், பாசி பிடித்து, குளத்தங்கரை போல நாறியது. பிறகு தண்ணீர்த் தொட்டியருகே சிவப்புச் சாயமும், ஊஞ்சலின் கால்களைச் சுற்றிப் பச்சைச் சாயமும் நீரில் கலந்து தேக்கினார். எந்த நிறம் கீழே இறங்குகிறதோ அங்கேதான் ஓட்டை என்று எனக்கு விளக்கினார். எந்த நிறத்தை ஆண்டவன் ஏற்கிறானோ அங்கேதான் கங்கோத்ரி என்று அதையே நான் மற்றவர்களுக்கு விளக்கினேன்.

மறுநாள் காலை திருமேனியின் மேல் பச்சையாய்ச் சொட்டியது.

வில்வத்தின் நிறம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். பொறியாளர் அம்மையார் சொன்னதோ சுருக்கமானது: ஊஞ்சலை நிறுத்துவதற்காக அடித்த போல்ட்டுகள் வாட்டர்ப்ரூஃபிங்கைத் துளைத்துக்கொண்டு தளத்துக்குள் இறங்கியிருக்கின்றன, ஊஞ்சலை அகற்றி, தளத்தைப் பெயர்த்துச் செப்பனிட வேண்டும்.

சேர்மன் சிந்தித்தார். அவருடைய அறிவுக்கூர்மையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். அப்படியானால் ஊஞ்சலின் அடிதான் புனிதத் தலம். அதை அசைப்பது அபசாரம். சுற்றிலும் கம்பி வேலி போட்டு அப்படியே விட்டுவிடலாம் என்றார். இரண்டு மூன்று பேர் ஆமோதிக்கவும் செய்தார்கள். என் தந்திரம் என் காலடியிலேயே பிளந்துகொண்டு நின்றது.

அம்மையார் பதில் சொல்லாமல் சிறு சுத்தியல் ஒன்றை எடுத்தார். எங்கள் பூசை அறைக் கூரையை அங்குமிங்கும் தட்டினார். ஓரங்களில் கல்லின் ஒலி. நடுவில், மணைக்கு நேர்மேலே, காலிப் பெட்டியைத் தட்டும் ஒலி. பூச்சு முழுவதும் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி வந்தாள். மணையைத் துடைத்துப் போட்டாள். சேர்மனைப் பார்த்து, தமிழிலேயே பேசினாள்.

“வாங்க தம்பி, இதுல உக்காந்து கும்பிடுங்க. நான் தெனமும் உக்காருத எடந்தான்.”

செக்ரெட்டரி மொழிபெயர்த்தார். சேர்மன் கூரையைப் பார்த்தார். மணையைப் பார்த்தார். தனக்கு முழங்கால் வலி என்றார்.

“முட்டுவலின்னா நின்னே கும்பிடட்டும். ஆனா இந்த எடத்துல நிக்கச் சொல்லுங்க” என்றாள் அவள். “அந்தம்மா இன்னொரு தரம் தட்டட்டும்.”

இது மொழிபெயர்க்கப்படும் முன்பே சேர்மன் ஓரடி பின்னுக்கு எடுத்து வைத்தார்; வாசற்படிக்கு வெளியே போய்விட்டார். அவரைப் பார்த்து ஆமோதித்தவர்களும் பின்வாங்கினார்கள். அறையில் நானும் அவளும் அம்மையாரும் பெருமானும் மட்டுமே இருந்தோம். அன்று மாலையே கமிட்டி கூடிச் செப்பனிட ஒப்புக்கொண்டது. யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை என்று கேள்வி.

இப்போது சாமியைக் கூடத்துக்கு எடுக்கலாமா என்று அவளைக் கேட்டேன். வேலை நடக்கதுக்குன்னா அவரே எந்திரிச்சு வருவாரு என்றாள். நான் ஏந்திச் சென்றேன், அவள் விளக்கேந்தி முன்னே நடந்தாள். ஆட்கள் வந்து வெற்று அறையில் கழியால் ஒரு குத்துக் குத்தியதும், நடுக்கூரையின் பூச்சு முழுப் பாளமாக இறங்கித் தரையின் கல்லைப் பிளந்தது. அந்த ஓசையைக் கேட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மழை ஓய்ந்ததும் ஊஞ்சல் போயிற்று. தளம் பெயர்த்துப் போடப்பட்டது. இப்போது பூசை அறையில் ஒரு துளி இல்லை. அவள் அவளிடத்தில் உட்கார்ந்து தொடுக்கிறாள்; நான் கூரையைப் பாராமல் ஓதுகிறேன். கூட்டமும் இல்லை. லிஃப்டில் சிலர் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். கங்கையைச் சிமெண்ட் வைத்து அடைத்த பாவி நான் என்பது அவர்கள் முடிவு. மூன்று வேளையும் பதிகம் ஓதும் எனக்கு இக்கட்டடத்தில் இன்று வழங்கும் பெயர் நாத்திகக் காகா. செக்ரெட்டரிதான் சொன்னார், சங்கடத்தோடு. பெயர் சூட்டியவர் யாரென்று நான் கேட்கவில்லை. ஊஞ்சல் இல்லாததால் அவருக்கு மாலைகளில் சிந்திக்க நிறைய நேரம் கிடைத்திருக்கும்.

இதனை வாசித்தோர் அனைவரும், வாசிக்கக் கேட்டோரும், பழுதில்லாத கூரையின் கீழ் நெடுநாள் வாழ்க. உங்கள் தலைகள் உலர்ந்திருக்க, நெஞ்சங்கள் மட்டும் அவன் நினைவால் நனைந்திருக்க. மேலே ஊஞ்சலாடுவோருக்கும் அவன் நல்லறிவு அருள்க.