இஸ்திரி சாரின் இடது ஷூ

எங்கள் கிளை மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி சார். ஏழு வருஷத்தில் அவர் சட்டையில் ஒரு சுருக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கைக்குட்டைக்கு இஸ்திரி, டைக்கு இஸ்திரி, ஏன், சாக்ஸைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டிக்கொள்வார் என்று அவர் மனைவியே ஒருமுறை போனில் சொல்லிப் பெருமூச்சு விட்டார். முகத்தையும் அப்படித்தான் வைத்திருப்பார். சிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று பயம்.

மூன்றாவது மாடியில் உடல்நலக் காப்பீடு விற்கிற அலுவலகம் எங்களுடையது. நான் வரவேற்பு மேஜை. காலை எட்டே முக்காலுக்கு, வாடிக்கையாளர்களுக்குக் கதவைத் திறப்பதற்கு முன்னால், நாங்கள் பதினோரு பேரும் சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். இஸ்திரி சார் கையில் தோற்றத் தாளோடு வருவார். தலைமுடி, நகம், காலர், காலணி, மணம், மரியாதை என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் சரி என்று ஒரு குறி, அல்லது பெருக்கல் குறி. நகத்தைத் திருப்பிப் பார்ப்பார். காதுப் பக்கம் மூக்கை நீட்டி முகர்ந்து பார்ப்பார். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இவ்வளவு பக்கத்தில் போகமாட்டான்.

ஒரே மாதத்தில் மூன்று பெருக்கல் குறி விழுந்தால், நிரந்தர ஊழியர்களுக்கு விளக்கக் கடிதம். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு வேலை இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று துப்புரவு அக்கா.

தாளில் பதினோரு பெயர்கள்தான் இருந்தன. பன்னிரண்டாவது பெயர், அதாவது அவர் பெயர், அதில் கிடையாது. அவரை யார் முகர்ந்து பார்ப்பது?

இதற்கு மேல் ஒரு விதியும் வைத்திருந்தார். மாதாமாதம் நடத்தும் பயிற்சி வகுப்பில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அடுத்தவங்க உடம்பைப் பத்தி முகத்துக்கு நேரா பேசறது அநாகரிகம். வாயால சொல்லாதீங்க. தாள்ல எழுதுங்க." நாங்கள் தலையாட்டுவோம். தலையாட்டுவதில் எங்கள் கிளையை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நாற்றம் வந்தது அந்தக் கோடையில். முதலில் கூட்ட அறையில். செத்த எலி என்று நினைத்து அலமாரிகளை நகர்த்தினோம். ஏசி மெக்கானிக் வந்து பெட்டியைப் பிரித்து, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போனார். கணக்காளர் வேதாளம் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தார். (காதில் எதைச் சொன்னாலும் தோளில் ஏறி உட்கார்ந்து திருப்பிக் கேள்வி கேட்பவர், அதனால் அந்தப் பெயர்.) எதுவும் நடக்கவில்லை. நாற்றம் காலையில் வந்து, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டது.

இஸ்திரி சார் துப்பறிந்தார். காலையில் கூட்ட அறையில் இருப்பது யார்? தரை துடைக்கிற அக்கா. ஒன்பது மணிக்கு அதே அறையில் தலைமை நாற்காலியில் தானும் உட்காருகிறோம் என்பது அந்த மகா மூளைக்கு எட்டவில்லை. அக்காவின் மணக் கட்டத்தில் முதல் பெருக்கல் குறி விழுந்தது.

மறுநாள் அக்கா சோப்பும் மாற்றுத் துணியும் கொண்டு வந்து, அலுவலகக் கழிப்பறையிலேயே குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரிசையில் நின்றாள். இஸ்திரி சார் முகர்ந்தார். இரண்டாவது பெருக்கல் குறி.

"நான் என்னம்மா பண்றது? தோலை உரிச்சுட்டா வர முடியும்?" என்று மதியம் என்னிடம் கேட்டாள் அக்கா. இரண்டு பெண் பிள்ளைகள், படுக்கையில் மாமியார். அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் ஒரே ஆள் அவள்தான். நான் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டு வந்தேன். அவளிடம் பினாயில் வாசனையைத் தவிர எதுவும் வந்ததில்லை.

அந்த வாரம் இஸ்திரி சார் என் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் முதலில் சென்ட் வாசனை வரும். அது போனதும் பின்னாலேயே இன்னொன்று வரும். எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன்.

வியாழக்கிழமை மூன்றாவது குறி விழுந்தது. ஆளை நீக்க எல்லோர் கையெழுத்தும் வேண்டுமாம். "மேற்படி ஊழியரிடமிருந்து துர்நாற்றம் வருவதை நாங்கள் உணர்ந்தோம்" என்று ஒரு வரி. பத்துப் பேர் போட்டோம். ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. பேனா எழுதவில்லை என்று உதறி, நன்றாக அழுத்திப் போட்டேன். எனக்கும் வேலை வேண்டும். இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடைசி நாள். நாங்கள் வரிசையில் நிற்கிறோம். இஸ்திரி சார் தாளும் கையுமாக நடுவில் நிற்கிறார். கூட்ட அறையிலிருந்து அக்கா தரை துடைக்கிற துணியோடு வந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க இடது கால்ல புண் இருக்கு. ஷூவைக் கழட்டிப் பாருங்க."

"என்ன பேசறே நீ?"

"உங்க நாற்காலிக்குக் கீழ, இடது கால் வைக்கிற இடத்துல, கம்பளத்துல சீழ்க் கறை இருக்கு. நான் முன்னே ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாத்தவ. இந்த நாத்தம் எனக்குத் தெரியும். இத்தனை நாள் எலின்னு நானும் நெனச்சேன். எலி இல்ல சார், உங்க கால்."

அவர் முகம் சிவந்தது. "எல்லார் முன்னாடியும் ஒருத்தர் உடம்பைப் பத்தி இப்படிப் பேசறது நாகரிகமா? எழுதிக் குடுக்கத் தெரியாதா?"

"நாகரிகத்தை அப்புறம் பாத்துக்கலாம். கால் போயிடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். அவர் உதறப் பார்த்தார், நிலைதடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஷூ வந்தது. இஸ்திரி போட்ட சாக்ஸ் வரவில்லை, தோலோடு ஒட்டியிருந்தது. வேதாளம் பூந்தொட்டிக்குள் வாந்தி எடுத்தார். அக்கா ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு குண்டூசி விழுந்தது. கடையில் புதுச் சட்டையை மடித்துக் குத்திவைப்பார்களே, அந்த ஊசி. எத்தனை வாரமாக அதை மிதித்துக்கொண்டு நடந்தாரோ, அவருக்கே தெரியாது. சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

மருத்துவமனையில் அவர் மனைவி எங்களிடம் கொட்டித் தீர்த்தார். "பத்து வருஷமா சுகர். மாத்திரையை ஆஃபீஸ்ல சாப்பிட மாட்டார். யாராவது பாத்தா சீக்காளின்னு நெனைப்பாங்களாம். காலைக் காட்டுங்கன்னா, பொம்பளைக்கு எதுக்குக் காலைக் காட்டணும்னு கத்துவார். எங்கிட்டயே சாக்ஸோடதான் இருப்பார்." உடல்நலமே முதல் மரியாதை என்று எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டிய மனிதர் இவர்தான்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு வாரம் தள்ளியிருந்தால் முழங்காலோடு எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

இனி அக்காவுக்கு வேலை நிச்சயம் என்று நான் நம்பினேன். மனிதன்தானே, வெட்கம் இருக்கும் என்று நினைத்தேன். நான்காம் நாள் படுக்கையில் இருந்தபடியே அவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். துர்நாற்றப் புகாரை அவர் வாபஸ் வாங்கவில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்திருந்தார்: அனுமதியின்றி மேலதிகாரியின் உடலைத் தொட்டது. அக்காவை நீக்கிய உத்தரவு அந்த வாரமே உறுதியானது. கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஓரம் எல்லாம் நேராக இருந்தது.

ஏழு வாரம் கழித்து வந்தார். அதே மடிப்பு, அதே சென்ட், புதிதாக வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. முதல் வேலையாகப் பயிற்சி வகுப்பு வைத்தார். தலைப்பு: பாதப் பராமரிப்பு. "நான் தினமும் என் உடம்பை கவனிக்கிறவன். அதனாலதான் சரியான நேரத்துல கண்டுபிடிச்சேன்" என்றார். கைதட்டினார்கள். வேதாளம் எழுந்து நின்று தட்டினார். என் கையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நின்றது.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவப் போய்க்கொண்டிருந்தாள். பாதிநாள் வேலை. அந்த வாரம் எனக்குப் போன் செய்தாள். கையெழுத்துப் போட்டதற்காக என்னை நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அவரு கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரைப் பத்தி உங்களுக்கு என்னக்கா? நாசமாப் போகட்டும்."

"அப்படிச் சொல்லாதே. அந்தப் புண்ணு திரும்ப வரும். வாடை வந்தா வாயைத் திறந்து சொல்லிடு. மத்தவங்களை மாதிரி இருந்துடாதே."

மத்தவர்களில் என்னைச் சேர்க்காமல் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை வரிசை. இஸ்திரி சார் என் முன்னால் வந்து நின்றார். நகம் பார்த்தார், காலர் பார்த்தார், காதுப் பக்கம் குனிந்தார். சென்ட் வந்தது. பின்னால் அது வந்தது. குனிந்து பார்த்தேன். இடது ஷூ பளபளவென்று, முன்பக்கம் கொஞ்சமும் நசுங்காமல் இருந்தது. விரல் இல்லாத இடத்தில் பஞ்சை அடைத்திருக்கிறார். ஷூ நாக்கின் ஓரத்தில் அந்தப் பஞ்சு துருத்திக்கொண்டு தெரிந்தது. மஞ்சளாக இருந்தது.

பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். பத்துப் பேரும் எதிர்ச் சுவரில் உள்ள கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மூக்கு இருந்தது. புதிதாக வந்த துப்புரவுப் பெண் மணக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி வாங்கியிருந்தாள்.

"சார், உங்க கால் நாறுது" என்றேன். கடைசி ஆள்வரைக்கும் கேட்டது. "மறுபடியும் புண்ணு வந்திருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, என் பெயருக்கு நேராக மரியாதைக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மைகூட கலையவில்லை. அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

எனக்கு இன்னும் இரண்டு குறி பாக்கி இருக்கிறது. நாளைக்கும் சொல்வேன், நாளை மறுநாளும் சொல்வேன்.