வாட்ச்மேன் பேசிய மாலை

நம் அந்தரங்கத்தைக் கொஞ்சம் சொன்னால் எதிரில் இருப்பவரும் மனம் திறந்துவிடுவார் என்று நம்பிய மடையன் நான். தொண்ணூறுகளில் அஞ்சல் வழியில் தகவல் தொடர்பு படித்ததன் விளைவு அது.

அப்பா அப்போது தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் கிடந்தார். கேட்டில் நரைத்த மீசையோடு ஒரு வாட்ச்மேன். பாஸைப் பார்ப்பார், மாடிப் பக்கம் கையைக் காட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். அப்பாவைப் பற்றி எதையோ மறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவர் வாயைத் திறக்க வைக்க, பாடத்தில் சொன்னபடியே என் மூலவியாதி முதல் பல்லி பயம் வரை ஒப்பித்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பத்தாம் நாள் மாலை அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"குந்து சார். ட்ரெயின்ல இன்னா, கும்பலா? அந்தப் பல்லி இன்னும் வூட்லதான் கீதா?"

பாடம் பலித்துவிட்டது என்று பூரித்துப்போய் அரை மணி நேரம் பேசினேன். எழுந்தபோதெல்லாம், "இரு சார், போலாம்" என்றார்.

சேதி கேட்டு இரும்புலியூரிலிருந்து அண்ணன் வந்து என் தோளைத் தொட்டதும் வாட்ச்மேன் பேச்சை நிறுத்தி, கேட்டைத் திறந்தார். அன்று நான் வருவதற்கு முன்பே அப்பா இறந்திருந்தார். என்னைத் தனியாக மேலே அனுப்ப வாட்ச்மேனுக்கு மனம் வரவில்லை.