மங்கலத்தின் பென்சில் கோடு

சிதம்பரம் மேலவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மங்கலத்துக்குப் புயல் என்றால் தனி உற்சாகம். வங்கக்கடலில் ஒன்று உருவானதும், பள்ளி வரைபடத்தின் கடற்கரைப் பகுதியைப் பெரிதாக்கி நகலெடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுவார். வானிலை அறிக்கை வரும்போதெல்லாம் புயல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. பிறகு ஸ்கேல் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்துக் கரைவரை ஒரு கோடு.

தானே புயல் கடையின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருடம் வந்த பழக்கம். அதில் ஒரு கோளாறு. எந்தப் புயலானாலும் கோட்டின் கடைசி இரண்டு அங்குலம், பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டைக்கே சாயும். அப்படி இவர் சொன்ன புயல்களில் ஒன்று ஆந்திராவுக்குப் போனது, இன்னொன்று கடலிலேயே கரைந்தது. நகலெடுக்க வருகிறவர்கள், "பரங்கிப்பேட்டதானேக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இந்த முறை உண்மையாகவே கேட்டவன் தம்பி இளவரசு. கடலூரில் பந்தல் காண்டிராக்டர். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தலைப் போட்டு முடித்திருந்தான். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, புயல் புதன்கிழமை. பிரித்தால் மறுபடி கட்ட நேரமில்லை. விழுந்தால் ஊரில் யாரும் இனி அவனைக் கூப்பிட மாட்டார்கள். கடைகளில் கயிறு தீர்ந்துவிட்டது. இருப்பது பந்தலின் ஒரு பக்கத்தை இழுத்துக் கட்டத்தான் போதும். பந்தல்காரர்கள் வழக்கமாகக் கட்டுவது கடல் பக்கம்.

மங்கலத்தின் முதல் கோடும் வழக்கம்போல் பரங்கிப்பேட்டையில்தான் நின்றது. அது கடலூருக்குத் தெற்கே. புயல் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அங்கே கரையேறினால் கடலூருக்குக் கடல் காற்று. ஆனால் புள்ளிகள் அப்படிச் சொல்லவில்லை. அழித்துவிட்டு, தன் ஊர்ப் பக்கத்தை நினைக்காமல் இழுத்தார். கோடு வடக்கே மரக்காணத்துக்குப் போனது. அப்படியானால் கடலூருக்குக் காற்று நிலத்திலிருந்து வரும்.

"மேக்கால கட்டுடா. கெழக்க வுட்டுடு," என்றார் போனில்.

"பரங்கிப்பேட்டய வுட்டுட்டு வேற ஊரு சொல்றியேக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"மொதல்ல கட்டு. கிண்டல் அப்புறம் பண்ணு."

அரை மனதோடு கட்டினான். மிஞ்சிய துண்டுக் கயிறுகளால் சமையல் கொட்டகையை மட்டும் தன் வழக்கப்படி கடல் பக்கம் பார்த்தே இழுத்துக் கட்டினான். புதன்கிழமை முழுக்க மங்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் காலை போன் வந்தது. புயல் மரக்காணம்வரை போகாமல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியிருந்தது. எப்படியும் வடக்குதான். பந்தலில் நாலு துணி கிழிந்ததோடு சரி, கால் ஒன்றுகூட அசையவில்லை. சமையல் கொட்டகை கிழக்குப் பக்கமாக மல்லாந்து கிடந்தது. ஆட்கள் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே ஒன்ன கேக்காம முளை அடிக்க மாட்டேன்க்கா," என்றான்.

காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியபோது மணி என்ன என்று மங்கலம் கேட்டார். வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

"எதுத்த வூட்டு மாடியில நின்னு பந்தலயே பாத்துகிட்டிருந்தேன். மணிய யாருக்கா பாத்தா?"

"வேலைக்காவாதவனே," என்று போனை வைத்தார் மங்கலம்.