கைப்பிடியில் ஒரு புலிக்காசு

மாம்பலம் ரயிலடி நெரிசலில் என் கைத்தடியின் பிடி உடைந்துவிட்டது. மனைவியின் தோளைப் பற்றியபடி பாண்டி பஜார் நடைபாதைக்கு வந்து நிற்கிறேன். இங்கே மரவேலை செய்யும் கஸ்தூரி அம்மா புதுப் பிடி ஒன்றை இழைத்து, அதில் குழி குடைந்து, புலி பொறித்த பித்தளைக் காசைப் பதிக்கிறார்.

"சோழர் காசா?" ஆசையாகக் கேட்கிறேன்.

"டூப்ளிகேட்டு சார். சும்மா அழகுக்கு."

"அசல் கிடைக்காதா?"

"அசலு வெச்சா நீ தடிய ஊனவே மாட்ட சார். பீரோல பூட்டி வெச்சிட்டு நொண்டிக்கினு போவ!"

மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "உங்களைப் புரிஞ்சுக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. இந்தம்மாவுக்குப் பத்து நிமிஷம் போதும்."

தடியை ஊன்றி நடந்து பார்க்கிறேன். உள்ளங்கைக்குள் புலி குளிர்ச்சியாக இருக்கிறது.