ஃபியூஸ் கட்டை என் பையில்தான் இருந்தது

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் கதை கட்டுகிறவன் இல்லை, வயர்மேன். பதினெட்டு வருஷமாகச் சுவருக்குள் ஓடும் கம்பியைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. யாராவது பேய் அடித்தது என்று சொன்னால், "மொதல்ல எர்த் சரியா இருக்கான்னு பாரு" என்று கிண்டல் செய்கிற ஆள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு கிண்டலை நிறுத்திவிட்டேன்.

அது நடந்தது என் தங்கை வாடகைக்கு எடுத்த வீட்டில். கீழே அவர்கள், மாடியில் வீட்டுக்காரர். குடிவந்த ஒரே வாரத்தில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, சமையல்கட்டுல தரையோரமா ஒரு பிளக் இருக்கு. பகல்ல செத்துக் கெடக்கு. சாயங்காலம் திடீர்னு வேலை செய்யுது. நேத்து தரை தொடைக்கும்போது சுரீர்னு இழுத்துடுச்சு."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"பிரமைங்கறார். பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டாண்ணா. நேரா அந்த ஓட்டைக்குத்தான் போறா."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் போனேன். கரண்டை நிறுத்தினால் குழந்தை புழுக்கத்தில் அழும். அதனால் தங்கையையும் குழந்தையையும் அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வாசல் பக்கம் மெயின் போர்டு. பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது பால பாடம். கட்டை நம் பையில் இருக்கும்வரை, எவன் வந்து எந்தச் சுவிட்சைப் போட்டாலும் வீட்டுக்குள் கரண்ட் வராது.

மணி ஐந்தரை. மழை மூட்டம். சமையல்கட்டில் என் டார்ச் வெளிச்சம் மட்டும்தான்.

முதலில் டெஸ்டரால் நான்கு பிளக்கையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் எரியவில்லை. பிறகு போர்டுக்குப் போய், சமையல்கட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு வந்தேன். இப்போது பிளக்கில் என் கை மீட்டரை வைத்தால், கம்பி முழுசாக இருக்கும் இடத்தில் அது கத்தும்.

முதல் பிளக். பீப்.

இரண்டாவது. பீப்.

மூன்றாவது. பீப்.

தரையோர பிளக்... சத்தமே இல்லை.

நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். எந்த வயர்மேனும் அப்படித்தான் நினைப்பான். அந்த பிளக்குக்கு மேலே, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒட்டுப்பூச்சு இருந்தது. கூரைவரை நேராக ஏறிப் போனது. பார்த்தேன். பார்த்தும் புத்திக்கு உறைக்கவில்லை.

அப்போது யாரோ இருமினார்கள்.

திரும்பினேன். ஆள் இல்லை. மாடியில் வீட்டுக்காரராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இருமல் மேலிருந்து வரவில்லை... என் காதோரம் கேட்டது.

வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்தேன். டெஸ்டரை அந்த ஓட்டையிலேயே செருகிவைத்தேன். கை இரண்டும் வேண்டியிருந்தால் அப்படிச் செய்வது என் வழக்கம். பிளக்கைத் திருகிக் கழற்றி முன்னால் இழுத்தேன். அறுந்த முனையைத் தேடி வெறும் விரலை உள்ளே விடப்போனேன்.

மணி ஆறு பத்து.

மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. ம்ம்ம்ம்...

டெஸ்டர் எரிந்தது.

பையைத் தடவினேன். கட்டை இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்டர் தானாக எரியாது. கரண்ட் இருந்தாலும் எரியாது. அதன் தலையில் உள்ள குமிழை ஒருவர் விரலால் தொட வேண்டும்.

என் விரல் எதுவும் அதன்மேல் இல்லை.

அணைந்தது.

எரிந்தது.

அணைந்தது...

யாரோ விரலை வைத்து வைத்து எடுத்தார்கள்.

மறுபடியும் இருமல். இந்தத் தடவை எனக்கும் சுவருக்கும் நடுவில்.

ஓடினேன்.

மாடிக் கதவைத் தட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த பிளக்கின் கம்பி அறுந்தது அல்ல, அந்த ஒட்டுப்பூச்சுக்குள் மாடியிலிருந்து இறங்குவது; என் பையில் இருந்த கட்டைக்கு அது கட்டுப்படாது.

"கீழ ஒரு பிளக்குக்கு உங்க மோட்டார் லைன்ல இருந்து கரண்ட் வருது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. "மறுபடியும் யாருக்காவது..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கையை அந்த வீட்டுக்குத் திரும்ப விடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாமான் ஏற்றும்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து நின்றார்.

"நீங்களும் கரண்ட் வேலையா தம்பி? போன வருஷம் ஒரு வயர்மேன் இதே சமையல்கட்டுல விழுந்து கெடந்தாரு. பாவம், தெருமுனையில வரும்போதே அவர் இருமல் கேக்கும். மாரடைப்புன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. சரின்னு எல்லாரும் போயிட்டாங்க."

என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் இப்படிச் சொன்னேன்.

"மெயினை நிறுத்தாம கை வெச்சிருப்பார்ம்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தூக்குறதுக்கு நானும் ஒரு கை குடுத்தேன். அவர் சட்டைப் பையில ஏதோ கனமா இடிச்சுது. எடுத்துப் பார்த்தா, வெள்ளையா பீங்கான்ல ஒரு கட்டை. அதை எதுக்குத் தம்பி பையில போட்டு வெச்சிருந்தாரு?"

எனக்குப் பதில் தெரியும். கை தானாக என் சட்டைப் பையைத் தடவியது.